பைலட் ஏறியாச்சா?

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற எந்தக் கப்பலும் லிங்கராஜின் கண்ணில் படாமல் ஒரு மூட்டையைக்கூடக் கரையில் இறக்கிவிட முடியாது. அவன் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குவதை ஒன்று விடாமல் எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. யூரியா மூட்டை, மரத்தடி, காற்றாலை இறக்கை என்று பதினொரு வருடமாக எண்ணுகிறான், ஒரு நாளும் பிசகியதில்லை. அப்பேர்ப்பட்டவன் போன ஜூன் மாதம் இரண்டாவது வாரம் முழுக்கத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெற்ற பிள்ளையிடமிருந்து இறங்க வேண்டிய ஒன்று, ஒரே ஒரு தடவை, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் இறங்க மாட்டேன் என்றது.

பிள்ளையின் பெயர் அனிஷ். வயது மூன்றே முக்கால். பள்ளிக்கூடத்தின் பெயர் ராயல் ஆய்ஸ்டர் இன்டர்நேஷனல் கிட்ஸ் அகாடமி. ஊருக்கு மேற்கே, கப்பல் சத்தமும் கருவாட்டு வாசமும் எட்டாத தூரத்தில் அது இருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் சிப்பி வாயைப் பிளந்து நிற்கும். உள்ளே முத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேமரா இருக்கும். அங்கே எல்.கே.ஜி.யில் இடம் பிடிக்க நான்கு தேர்வு. அனிஷ் மூன்றில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டான். நான்காவதில் ஒரு கப்பல் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். "பல்க் கேரியரு. காலியா வருது, அடில உள்ள செவப்பு தெரியுதுலா" என்றான். விடைத்தாளில் 'போட்' என்று மட்டும் இருந்ததால் அரை மதிப்பெண் போயிற்று.

இடம் கிடைத்துவிட்டது, ஆனால் தற்காலிகமாக. அதை உறுதி செய்ய ஒரு படிவம் பாக்கி இருந்தது. அதன் பெயர் இன்டிபென்டன்ட் வாஷ்ரூம் காம்பிடன்சி. பிள்ளை ஒரு வாரம் கவனிப்பு அறையில் இருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்குள், யாருடைய உதவியும் இல்லாமல், கமிட்டி உறுப்பினர்கள் இருவர் பார்க்க, ஒரு தடவையாவது மூத்திரம் பெய்ய வேண்டும். அந்த வளாகத்தில் மூத்திரம் என்கிற சொல்லுக்கு அனுமதி இல்லை. அதை 'ஈவென்ட்' என்றார்கள்.

பெய்யாவிட்டால் சீட் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். லிங்கராஜின் மனைவி பானுப்ரியாவுக்கு அந்த நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை. அவள் லேப் டெக்னீஷியன். அனிஷ் பிறந்தபோது விட்ட வேலை, நான்கு வருடம் கழித்து இப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரி லேபில் மறுபடி கிடைத்திருந்தது. ஜூன் பதினாறு, திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும், தவறினால் உத்தரவு ரத்து என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டிருந்தது. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆய்ஸ்டரில் இடம் கிடைத்த தெனாவெட்டில் வேறு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இவர்கள் விண்ணப்பமே போடவில்லை. மற்றதெல்லாம் ஏப்ரலிலேயே நிரம்பிவிட்டன.

"ஊர்ல உள்ளவங்க மூத்திரத்தையெல்லாம் டப்பால பிடிச்சு ரிசல்ட் சொன்னவ நான்" என்றாள் பானு. "எம்புள்ள மூத்திரத்துக்கு இன்னொருத்தர்ட்ட சர்டிபிகேட் வாங்கணுமாம்!"

"ஒரு தடவதானளா. அவன் என்ன பெய்யாதவனா?" என்றான் லிங்கராஜ்.

அவன் பெய்யாதவன் அல்ல. ஆனால் பெய்கிற முறை ஒன்று இருந்தது. அந்த முறையைக் கண்டுபிடித்தவன் லிங்கராஜ்தான்.

கவனிப்பு வாரம் தொடங்கிய திங்கள்கிழமை பெற்றோர்களுக்குத் தாளாளர் கிருபாநிதி வரவேற்புரை ஆற்றினார். அறுபத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா.

"அன்பான பெற்றோர்களே, ஒவ்வொரு குழந்தையும் ஒரு சிப்பி. சிப்பி சும்மா கெடந்தா முத்து வருமா? வராது. உள்ள ஒரு மணல் போகணும். அது உறுத்தணும். உறுத்த உறுத்தத்தான் முத்து. உறுத்துறதுக்கு எங்ககிட்ட முப்பத்திரண்டு பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்காங்க. வீட்ல நீங்க குழந்தையைச் சந்தோஷமா வச்சிருப்பீங்க, எங்களுக்குத் தெரியும். அதத் திருத்தத்தான் நாங்க இருக்கோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். லிங்கராஜும் தட்டினான். முத்துக் குளிக்கிற கரையில் பிறந்தவன் அவன். முத்து எடுக்கச் சிப்பியைக் கரையில் குவித்து அழுக விடுவார்கள் என்பதும், அழுகிய சிப்பியை அப்புறம் யாரும் தேடுவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனாலும் சீட் வேண்டியிருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே தட்டினான்.

கவனிப்பு அறை கீழ்த்தளத்தில் இருந்தது. இரண்டு டஜன் பிள்ளைகள் அதில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் மஞ்சள் நிறக் கழிப்பறை. அதற்கு அரைக்கதவுதான். சாட்சிகள் மேலாகப் பார்ப்பதற்கு வசதியாக அப்படி வைத்திருந்தார்கள். கதவில் ஒரு டால்பின் சிரித்துக்கொண்டிருந்தது. கமிட்டியில் இரண்டு பேர். ஒருவர் முதல்வர் ஜெபசுதா. இன்னொருவர் பேச்சி. ஐம்பது வயதுப் பேச்சி போன வருடம் வரைக்கும் ஆயா. இந்த வருடம் 'வாஷ்ரூம் ஃபெசிலிடேட்டர்' ஆகிவிட்டாள். வேலை அதேதான், கழுத்தில் மட்டும் ஒரு அட்டை கூடுதலாகத் தொங்கியது.

அனிஷுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் ஹைட்ரேஷன் சப்போர்ட். பிறகு டால்பின் கதவைத் திறந்துவிட்டு, ரெஜிஸ்டரைக் கையில் விரித்துக்கொண்டு இரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள். அனிஷும் அவர்களையே பார்த்தான். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. அவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றானே ஒழிய, ஒரு சொட்டு விடவில்லை. பன்னிரண்டரைக்கு ரெஜிஸ்டரில் 'ஈவென்ட்: நில்', அதாவது ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதி, நேரத்தையும் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பைக்கை நிறுத்துவதற்குள் அனிஷ், "யப்பா, கேளுங்கப்பா, கேளுங்க!" என்று அழத் தொடங்கிவிட்டான்.

லிங்கராஜ் தலையில் அடித்துக்கொண்டு கேட்டான். "பைலட் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு!"

"கயிறு அவுத்தாச்சா?"

"அவுத்தாச்சு!" என்று அனிஷ் கால்சட்டை நாடாவை உருவினான்.

லிங்கராஜ் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, "பூ...ஊ...ஊ...ம்!" என்று நீளமாக ஊதினான். கப்பல் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் முற்றத்துச் செம்பருத்திச் செடி ஆடியது.

இதுதான் அந்த முறை. வீடு தெர்மல் நகர் பக்கம். கப்பல் கிளம்புகிற ஊதல் அங்கே தினமும் கேட்கும். அனிஷ் ஒன்றரை வயதில் ஜட்டியை நனைத்துக்கொண்டே இருந்தபோது, லிங்கராஜ் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். வழிகாட்டுகிற பைலட் ஏறாமல் கப்பல் துறைமுகத்தை விட்டுப் போகாது, கயிறு அவிழ்க்காமல் நகராது, ஊதாமல் கிளம்பாது. பிள்ளை இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டான். தெருவே மெச்சியது. கற்றதை அவன் ஒரு நாளும் விட மாட்டான் என்று அப்போது யாருக்குத் தெரியும்? துறைமுகத்தில் விதியைத் தளர்த்துகிற அதிகாரிகளைக்கூட லிங்கராஜ் பார்த்திருக்கிறான், தன் மகனிடம் அது நடக்கவே நடக்காது.

செவ்வாய்க்கிழமை அவன் வெட்கத்தை விட்டு ஜெபசுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டார்.

"வெரி இன்ட்ரஸ்டிங். ஆனா மிஸ்டர் லிங்கராஜ், கேம்பஸுக்குள்ள இங்கிலீஷ்தான். தமிழ்ல பைலட் ஏற முடியாது. நாங்களே கேட்டுக்கிறோம். நீங்க வெளிய பெஞ்ச்ல இருங்க."

பெஞ்சிலிருந்து அவனுக்கு எல்லாம் கேட்டது. "அனிஷ் டியர், ஹேஸ் த பைலட் போர்டட்?" என்றார் ஜெபசுதா.

"ஆர் த ரோப்ஸ் ரிமூவ்ட்?"

அப்புறம் அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு முதல்வருக்கு எவ்வளவு தகுமோ அவ்வளவு மெதுவாக, "பூம்" என்றார்.

"இது ஆட்டோ" என்றான் அனிஷ்.

புதன்கிழமை அவர்கள் பள்ளி வேனைச் சன்னலோரமாகக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். வேன் வந்துவிட்டது என்று அனிஷ் பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். செல்போனில் கப்பல் சத்தத்தைப் பதிந்து எடுத்துவருகிறேன் என்று லிங்கராஜ் கெஞ்சினான். வளாகத்துக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை என்று ஜெபசுதா தன் செல்போனில் இருந்த விதிமுறையை எடுத்துக் காட்டினார். ரெஜிஸ்டரில் மூன்றாவது 'நில்' ஏறியது. அந்த வாரம் அவன் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டிருந்தான். பகலெல்லாம் பெஞ்சு, மாலையெல்லாம் கப்பல். கோதுமை மூட்டை எண்ணும்போது நானூற்றுப் பதினாறுக்குப் பிறகு என்ன வரும் என்று ஒரு நிமிடம் அவனுக்கே மறந்துபோனது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பயந்தான்.

பேச்சிக்குத்தான் மனசு கேட்கவில்லை. புதன்கிழமை மதியம் வாசல் கேட் பக்கமாக வந்து மெல்லச் சொன்னாள்.

"தம்பி, பிள்ள அடக்கி அடக்கி மூஞ்சியெல்லாம் செவந்து போவுது. பாக்க முடியல. நீங்க நாளைக்கு பத்து நாப்பதுக்கு காம்பவுண்டு செவத்துக்கு வெளிய வந்து நில்லுங்க. நான் சன்னல்ல மஞ்சத் துண்ட ஆட்டுதேன். ஆட்டுனதும் ஊதிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு லிங்கராஜ் மதிலுக்கு வெளியே, ஒரு வேப்பங்கன்றுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் நின்றான். துண்டு ஆடியது. அவன் ஊதினான். நான்கு நாள் பட்ட பாடெல்லாம் அந்த ஊதலில் இருந்தது. சாலையில் போன ஒரு டேங்கர் லாரி வேகத்தைக் குறைத்தது. எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

உள்ளே கவனிப்பு அறையில் பதினொரு பிள்ளைகள் நின்ற இடத்திலேயே பெய்தார்கள்.

நான்கு நாளாக அனிஷ் சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கப்பல் எப்படிக் கிளம்பும் என்று பாடம் எடுத்திருக்கிறான். அவர்களுக்கு அந்தப் பாடம் ரொம்பப் பிடித்துவிட்டது. உறுதியாகச் சேர்ந்த பிள்ளைகள், படிவம் பூர்த்தியான பிள்ளைகள், ஊதல் கேட்டதும் பாய், பொம்மை, எழுத்து அட்டை என்று பார்க்காமல் கிளம்பிவிட்டார்கள். அனிஷ் மட்டும் கிளம்பவில்லை.

"ஏம்ல? அப்பா ஊதுனேன்லா?" என்று லிங்கராஜ் மத்தியானம் அழாத குறையாகக் கேட்டான்.

"பைலட் ஏறியாச்சான்னு கேக்கவே இல்லியேப்பா. பைலட் ஏறாம எப்படிப்பா ஊதலாம்?" என்றான் அனிஷ். அப்பா இப்படித் தவறு செய்யலாமா என்கிற வருத்தம் அவன் முகத்தில் நிஜமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. 'பொருள்: அங்கீகரிக்கப்படாத கடல்சார் ஒலி எழுப்பியதன் மூலம் பதினொரு ஒழுங்கற்ற ஈவென்ட்களுக்குக் காரணமாக இருந்தது. வளாகத்துக்கு நூறு மீட்டர் சுற்றளவில் நீங்கள் இனி எவ்வித ஒலியும் எழுப்பக் கூடாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் இருவரும் விசாரணைக்கு வர வேண்டும். தாங்கள் கூறும் விளக்கம் திருப்தியாக இல்லையெனில்' என்று தொடங்கிய வாக்கியம் எதற்கும் இடம் வைக்காமல் முடிந்திருந்தது.

பானு நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். புதிதாகத் தைத்து வாங்கிய வெள்ளைக் கோட்டுக்கு அப்போதுதான் அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை அணைத்துவிட்டு, கோட்டை மடித்து, மறுபடியும் கடைக் கவருக்குள்ளேயே வைத்தாள்.

"நான் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு வரலன்னு சொல்லிருதேங்க. அவங்களாவது வேற ஆளப் பாக்கட்டும்."

"நாளைக்கு ஒரு நாள் இருக்குளா."

"அஞ்சு நாளு என்னத்த நடந்துச்சு? நாலு வருஷம் வீட்டுக்குள்ள இருந்தேன், ஒரு வார்த்த சொன்னேனா? இப்ப எல்லாம் இவன் ஒன்னுக்குல வந்து நிக்குது."

அவள் கோபப்பட்டிருந்தால் லிங்கராஜ் தாங்கியிருப்பான். அவள் அழுதாள். எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எல்லா அப்பன்மாரையும் போல 'உஸ்' என்று ஒரு சத்தம் கொடுத்துப் பழக்கியிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். அவனுக்குத்தான் ஒரு துறைமுகமே தேவைப்பட்டது.

சனிக்கிழமை விசாரணை கவனிப்பு அறையிலேயே நடந்தது. கடைசி வாய்ப்பையும் விசாரணையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. மற்ற பிள்ளைகளுக்கு விடுமுறை. அனிஷ் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான். தாளாளர் கிருபாநிதி நடு நாற்காலியில். ஒரு பக்கம் ஜெபசுதா, மறுபக்கம் ரெஜிஸ்டருடன் பேச்சி. எதிரே இரண்டு குட்டி நாற்காலிகளில், முழங்கால் மார்பில் இடிக்க, லிங்கராஜும் பானுவும்.

ஜெபசுதா முதலில் விதியை வாசித்தார். "ரூல் பதினாலு. நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்து ஆகும்வரை விசாரணை அறையை விட்டு எவரும் எக்காரணத்தை முன்னிட்டும் வெளியேறக் கூடாது."

"நானே எழுதினது" என்றார் கிருபாநிதி. "போன வருஷம் பேரன்ட்ஸ் பாத்ரூம் போறோம்னு சொல்லிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்க. விதின்னு ஒண்ணு வந்தா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். அதான் நிர்வாகம்."

உடன்குடியிலிருந்து அவருக்குப் பதநீர் வந்திருந்தது. பெரிய பிளாஸ்க். ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"மிஸ்டர் லிங்கராஜ், உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்ல. ஆனா ஒரு குழந்தை, சத்தம் கேட்டாத்தான் போவேன்னு சொன்னா அதுக்குப் பேரு என்ன? அடிமைத்தனம். நாங்க இங்க சுதந்திரமான குழந்தைகளை உருவாக்குறோம். பெல் அடிச்சா எந்திரிக்கணும், பெல் அடிச்சா சாப்பிடணும், பெல் அடிச்சா வரிசையில நிக்கணும். அவ்வளவு சுதந்திரம்."

இன்னொரு டம்ளர் குடித்தார். ஸ்தாபனத்தின் வரலாறு, ஐந்து அம்சத் திட்டம், வெளிநாட்டில் அவர் பார்த்த கழிப்பறைகள் என்று பேச்சு நீண்டது. மூன்றாவது டம்ளருக்குப் பிறகு சுயகட்டுப்பாட்டைப் பற்றிச் சொன்னார்.

"ஐயா, ஒரு வார்த்த" என்று பானு எழுந்தாள். குட்டி நாற்காலியும் அவளோடு சேர்ந்து எழுந்தது. "திங்கக்கிழம எட்டு மணிக்கு நான் வேலைல சேரணும். வேற வழியே இல்ல எங்களுக்கு. ஒரு டப்பா குடுங்க, வீட்லயே பிடிச்சு, டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டோட கொண்டாந்து தாரேன். என் கையெழுத்துக்கு லேப்ல மதிப்பு இருக்குய்யா."

"வீட்டு ஈவென்ட் செல்லாது அம்மா. உட்காருங்க" என்றார் கிருபாநிதி. சொல்லும்போதே நாற்காலியில் லேசாக நெளிந்தார்.

மணி பதினொன்றே கால். அவர் வலது காலை இடது கால் மேல் போட்டார். பிறகு இடதை வலது மேல் போட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது பேச்சிக்குத் தெரியும். அவள் கதவைப் பார்த்தாள், ஜெபசுதாவைப் பார்த்தாள். ஜெபசுதா நடவடிக்கைக் குறிப்பின் ஆறாவது பக்கத்தில் இருந்தார், மொத்தம் பதினாறு. கிருபாநிதி தன் பேச்சின் நடுவில் நின்று, நெற்றியைத் துடைத்து, "ஆகவே" என்றார். மறுபடியும் "ஆகவே" என்றார். அதற்கு மேல் வரவில்லை.

அறையிலிருந்து வெளியேறக் கூடாது என்பதுதான் விதி. அறைக்கு உள்ளேயே ஒரு டால்பின் கதவு இருந்தது. அவர் எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மூன்றே எட்டில் அதற்குள் புகுந்தார்.

அரைக்கதவு அவர் இடுப்புக்கு எட்டியது. நெஞ்சும் தலையும் வெளியே தெரிந்தன. ஜெபசுதா பழக்கத்தில் பேனாவுடன் எழுந்து நின்றுவிட்டார். பேச்சியும் ரெஜிஸ்டரை விரித்தபடி நின்றாள். பள்ளிக்கூட வழக்கப்படி இரண்டு சாட்சிகளும் அவரையே பார்த்தார்கள். லிங்கராஜும் பானுவும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அங்கேயே பார்த்தார்கள். கிருபாநிதி சுவரைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் முகம் சிவந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நிமிடமும் நடக்கவில்லை.

அனிஷ் மரக்கட்டையை வைத்துவிட்டு எழுந்து போனான். டால்பினுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். அவர் படுகிற பாடு அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

"தாத்தா, பைலட் ஏறியாச்சா?"

கிருபாநிதி தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏறியாச்சுன்னு சொல்லணும்."

"ஏறியாச்சு" என்றார் கிருபாநிதி, சுவரைப் பார்த்தபடி, மிக மெதுவாக.

"கயிறு அவுத்தாச்சா?"

"அவுத்தாச்சு."

"யப்பா, ஊதுங்க" என்று அனிஷ் திரும்பிப் பார்க்காமலே உத்தரவிட்டான்.

லிங்கராஜ் வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்தான். நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. கையை இறக்கினான். "சார், நூறு மீட்டருக்குள்ள எந்த ஒலியும் எழுப்பக் கூடாதுன்னு நோட்டீஸ்ல..."

"ஊதும்வே!" என்று கத்தினார் தாளாளர்.

லிங்கராஜ் ஊதினான். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அது அடங்கியதும், மூன்று டம்ளர் பதநீரும் மஞ்சள் பீங்கானில் நிதானமாக விழுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கிருபாநிதி கண்களை மூடியிருந்தார். கால் மணி நேரம் முன்பு சுயகட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிய முகமா அது என்று பானுவுக்கே இரக்கமாக இருந்தது.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!" என்றார் அவர், ரொம்பத் தாமதமாக. எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

"மேடம், இத ரெஜிஸ்டர்ல ஏத்தணுமா?" என்று பேச்சி சுவரிடம் கேட்டாள்.

டால்பின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மறுபடியும் ஒரு தடவை திறந்து மூடியது. கூடவே இன்னொரு சத்தம். சின்னதாக, மெல்லியதாக, விட்டு விட்டு. லிங்கராஜ் முதலில் திரும்பிப் பார்த்தான். டால்பினுக்குக் கீழே இரண்டு குட்டிப் பாதங்கள் தெரிந்தன.

"அனிஷு? ஏலே, யாரு ஊதுனா?"

"நான் பைலட்டுப்பா" என்றது உள்ளேயிருந்து குரல். "பைலட்டுக்கு யாரும் ஊத வேண்டாம். பாக்காதீங்க."

பானு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெபசுதா சட்டென்று தெளிந்து, "சார், இந்த ஈவென்ட்டை நாங்க யாரும் கண்ணால பார்க்கல. ரூல்படி ரெண்டு விட்னெஸ்..." என்று ஆரம்பித்தார். கிருபாநிதி அவரைப் பார்த்தார். மூன்று பேனாவில் ஒன்றை உருவி, படிவத்தை வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் இரண்டு சாட்சி இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டார். அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் படிவம் அதுதான் என்று பேச்சி பின்னால் சொன்னாள்.

நடவடிக்கைக் குறிப்பில் ஒரு நிபந்தனை மட்டும் சேர்ந்தது. பதினொரு பிள்ளைகள் வியாழக்கிழமையிலிருந்து ஊதல் இல்லாமல் போக மறுப்பதாக அவர்களின் பெற்றோர் புகார் கொடுத்திருந்தார்கள். ஆகவே 'மேரிடைம் சென்சரி புரோகிராம்' என்ற புதிய திட்டத்தின் கீழ், திரு. லிங்கராஜ் அவர்கள் மறு உத்தரவு வரும்வரை ஒவ்வொரு வேலை நாளும் காலை பத்து நாற்பதுக்கு மதிலுக்கு வெளியே நின்று ஒரு முறை ஊத வேண்டும். இனி அவன் துறைமுகத்தில் பகல் ஷிப்டுக்குப் போக முடியாது. லிங்கராஜ் உடனே கையெழுத்துப் போட்டான். தூத்துக்குடித் துறைமுகத்தையே எழுதிக் கேட்டிருந்தாலும் அன்றைக்குப் போட்டிருப்பான்.

திங்கட்கிழமை ஏழரைக்குப் பானு வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். படியில் நின்று திரும்பி ஒரு தடவை சிரித்தாள். நான்கு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து லிங்கராஜ் பார்த்ததில்லை. அனிஷை அவன் வகுப்பில் விட்டுவிட்டு, கடைத்தெருவில் நேரத்தைப் போக்கி, பத்து முப்பத்தைந்துக்கே வந்து வேப்பங்கன்றுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் தன் இடத்தில் நின்றான். எதிர்க் கடைக்காரர் கையை உயர்த்தி வணக்கம் வைத்தார்.

சன்னலில் பேச்சி தலையை நீட்டினாள்.

"தம்பி, உங்க மகன் அப்பவே அவம்பாட்டுக்குப் போயிட்டு வந்துட்டான். கதவக்கூட அவனே சாத்திக்கிட்டான். நாந்தான் பைலட்டுன்னு சொல்லி இப்ப மத்த பிள்ளையள வரிசையில நிப்பாட்டிக்கிட்டு இருக்கான்."

லிங்கராஜுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இனிமேல் வீட்டு முற்றத்தில் யாரும் தன்னிடம் "கேளுங்கப்பா" என்று ஓடிவரப் போவதில்லை என்று அவனுக்கு அந்த வெயிலில்தான் உறைத்தது.

"அப்ப நான் யாருக்கு ஊதணும்?" என்று கேட்டான்.

"மத்த பதினொண்ணுக்கும்தான். நேரமாச்சு, ஊதுங்க."

உள்ளே அனிஷின் குரல் உரக்கக் கேட்டது. "பைலட் ஏறியாச்சா?" பதினொரு பிள்ளைகளும் ஒரே குரலில் ஏறியாச்சு என்றார்கள். கயிறும் அவிழ்ந்தது. மஞ்சள் துண்டு ஆடியது. லிங்கராஜ் கைகளைக் குவித்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, நீளமாக ஊதினான். ஊதல் ஓய்ந்தபோது, முதல் மாடியில் தாளாளர் அறையில் ஒரு நாற்காலி அவசரமாகப் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.